ஆலப்புழை ஹவுஸ்போட்: எவ்வளவு ஆகும், எதற்கு ஆகும்

எங்கள் சொந்தத்தில் யார் ஆலப்புழை போவதென்றாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பதால், படகுக் கணக்கும் எனக்கு அத்துப்படி என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். “அக்கா, ஒரு ராத்திரிக்கு எவ்ளோ ஆகும்?” என்பார்கள். நான் திருப்பி நாலு கேள்வி கேட்பேன்: எந்த மாசம், என்ன கிழமை, எத்தனை பேர், ஏசி ராத்திரிக்கு மட்டும் போதுமா. இந்த நாலும் தெரியாமல் சொல்கிற விலையை நம்பிக் கிளம்பக் கூடாது. பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை எட்டாயிரத்துக்கு வரும் படகுக்கு டிசம்பர் கடைசியில் பதினாறாயிரம் சொல்வார்கள். படகும் அதே, சமையல்காரரும் அதே.

விலையைப் பேசுவதற்கு முன்னால், அந்தக் காசுக்கு நமக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிடுவோம். ‘இருபத்திரண்டு மணி நேரம்’ என்று விளம்பரம் போடுவார்கள். பகல் பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கு ஏறி மறுநாள் காலை ஒன்பதுக்கு இறங்குவது, அதனால் கணக்கு ஏறக்குறைய சரிதான். ஆனால் சாயங்காலம் ஐந்தரை வாக்கில் எல்லா ஹவுஸ்போட்டும் கரையில் கட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு காயல் மீன்பிடிப்பவர்களுக்கு. அவர்கள் வலை விரிக்கும் நேரம் அது. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஓரமாக நிறுத்துவார்கள். காலையில் பலகாரம் முடிந்ததும் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு ஜெட்டிக்குத் திரும்பிவிடும். கூட்டிப் பார்த்தால் படகு ஓடுவது ஐந்தரை, ஆறு மணி நேரம்தான். மீதி நேரம் தண்ணீர் மேல் இருக்கும் லாட்ஜ் ரூம்.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு விஷயம் தானாகப் புரியும்: தாமதமாகப் போனால் நாம் இழப்பது முழுக்கப் படகு ஓடுகிற நேரத்தைத்தான். கோவையிலிருந்து பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம் வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர். எர்ணாகுளத்து டிராஃபிக்கை யாரும் நேரம் சொல்லிக் கடக்க முடியாது. விடிகாலை நாலு மணிக்கே வண்டியை எடுங்கள், இல்லாவிட்டால் முந்தின நாளே போய் ஒரு ஹோம்ஸ்டேயில் தங்குங்கள். சென்னைக்காரர்களுக்கு ராத்திரி கிளம்பும் ஆலப்புழை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் அந்த டிக்கெட் கிடைப்பது வேறு கதை.

அடுத்தது ஏசி. விலை வித்தியாசத்தில் பாதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. டீலக்ஸ் என்று சொன்னால் பெரும்பாலும் ராத்திரி ஒன்பது முதல் காலை ஆறு வரைதான் பெட்ரூமில் ஏசி ஓடும். பிரீமியம் என்றால் ரூமில் பகலிலும் ஓடும். லக்ஸுரி என்றால் உட்காரும் இடத்தையும் கண்ணாடி போட்டு ஏசி பண்ணியிருப்பார்கள். ஆனால் இந்தப் பெயர்கள் எல்லாம் படகுக்காரர்கள் வைத்துக்கொள்வது, ஆளுக்கு ஆள் மாறும். அதனால் பெயரைக் கேட்காமல் மணியைக் கேளுங்கள். எங்கள் சித்தி மகளுக்காக ஒரு ஏஜென்டிடம் பேசியது இப்படிப் போனது:

“ஃபுல் ஏசிதான் சேச்சி.”

“எத்தனை மணிக்குப் போடுவீங்க?”

“ஒம்பது மணிக்கு.”

“அணைக்கிறது?”

“காலைல ஆறு மணி சேச்சி. நைட்டு ஃபுல்லா ஏசி உண்டு.”

அவர் பொய் சொல்லவில்லை பாருங்கள். டீசலும் ஜெனரேட்டரும் அவருக்குச் செலவு, அதை அவர் பார்க்கிறார். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி ஏசியே போதும். காயல் காற்றில் பகலில் யாரும் ரூமுக்குள் உட்காரப் போவதில்லை. ஏப்ரல், மே மாதத்தில் வயதானவர்களை அழைத்துப் போனால் மட்டும் பகல் ஏசிக்குக் கூடுதல் காசு கொடுங்கள், மதியம் இரண்டு மணிப் புழுக்கம் அப்படி. கண்ணாடி போட்ட ஹாலுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். அந்தக் காற்றுக்குத்தானே இவ்வளவு தூரம் போகிறோம்?

இப்போது விலை. சாதாரண நாளில், வாரநாளில், நாலு இடத்தில் விசாரித்தால் கிடைக்கும் சுமாரான தொகைகள் இவை. ஒரு பெட்ரூம் டீலக்ஸ் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை. அதுவே பிரீமியம் என்றால் பதினோராயிரத்துக்கு மேல். இரண்டு பெட்ரூம் பன்னிரண்டாயிரம் முதல் பதினாறாயிரம். நாலு பெட்ரூம் இருபதாயிரத்தைத் தாண்டும். இதில் படகு, ஆட்கள், மூன்று வேளைச் சாப்பாடு, சாயங்கால டீ, பழம்பொரி எல்லாம் அடக்கம். சனி, ஞாயிறு என்றால் கால் பங்கு ஏறும். மழைக்காலமான ஜூன், ஜூலையில் நன்றாகவே இறங்கும். அந்த மாதங்களில் மழை விடாமல் பெய்தால் மேல்தளத்தில் உட்கார முடியாது என்பதுதான் சங்கடம், ஆனால் எனக்குப் பிடித்த மாதமும் அதுவே. ஓணம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு, புன்னமடைக் காயலில் நேரு கோப்பைப் படகுப் போட்டி நடக்கும் சமயம், இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். நம் ஊர் தீபாவளி லீவுக்கும் விலை எகிறுகிறது.

நாலு குடும்பம் சேர்ந்து போனால் நாலு பெட்ரூம் படகுதான் ஆளுக்கு மலிவு. எட்டுப் பேருக்கு இருபத்திரண்டாயிரம் என்றால் தலைக்கு 2,750. இரண்டே பேருக்கு ஒன்பதாயிரம் என்றால் தலைக்கு 4,500. ஆனால் பெரிய படகு சின்ன வாய்க்கால்களுக்குள் நுழைய முடியாது, அகலமான நீரில்தான் சுற்றும். புகைப்படத்தில் பார்க்கிற, இரண்டு பக்கமும் தென்னை சாய்ந்து, வாசற்படியில் ஒரு பாட்டி பாத்திரம் தேய்க்கிற காட்சியெல்லாம் கைனகரி கிராமத்துப் பக்கத்துச் சின்ன வாய்க்கால்களில் இருக்கிறது. அதற்கு ஷிகாரா என்கிற கூரை போட்ட சின்னப் படகோ, வள்ளம் என்கிற சின்ன மரப்படகோ வேண்டும். ஷிகாராவுக்கு மணிக்கு அறுநூறு முதல் எண்ணூறு ரூபாய் வரை கேட்பார்கள். படகைக் கட்டிய பிறகு, இருட்டுவதற்குள், துடுப்பு வள்ளத்தில் ஒரு சுற்று கிடைக்குமா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனியுங்கள். ‘ஆறு பேர் வரை’ என்று சொல்லும் இரண்டு பெட்ரூம் படகில் விலை நாலு பேருக்குத்தான் இருக்கும். ஐந்தாவது ஆளுக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு தனி. ஐந்து வயதுக்குக் கீழே இலவசம் என்பார்கள், ஆறு முதல் பன்னிரண்டு வரை பாதி. சில இடத்தில் பத்து வயதிலேயே முழு விலை. அதனால் பேரைச் சொல்லும்போது வயதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் வருகிற கூடுதல் செலவு ஒன்று உண்டு. ஏறிய கொஞ்ச நேரத்தில், “மீன் வாங்கணுமா?” என்று கேட்டு ஒரு கரைக்கடையில் நிறுத்துவார்கள். அங்கே ஐஸ் பெட்டியில் ஆற்றுக்கொஞ்சு (பெரிய ஆற்று இறால்) கிடக்கும், நீல நிறக் கால்கள் ஒரு சாண் நீளத்துக்கு. குழந்தைகள் கண்ணை எடுக்க மாட்டார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும். எங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் குடும்பம் மூன்று கொஞ்சுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்துவிட்டு வந்தது. அதில் பாதி எடை தலையும் காலும்தான். எடை போடுவதற்கு முன்பே கிலோ விலையைக் கேட்டு, ஒரு கொஞ்சு எத்தனை கிராம் வருகிறது என்று பார்த்து, சமைக்கக் கூலி தனியா என்றும் கேட்டுவிடுங்கள். வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சாப்பாட்டு விலையிலேயே ஆளுக்கொரு வறுத்த மீன் வந்துவிடுகிறது. அது கரிமீனா வேறு மீனா என்பதைப் பேசும்போதே கேளுங்கள், ‘மீன்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கரிமீன் வராது. அப்புறம், சைவக் குடும்பம் என்றால் மீனுக்கும் கோழிக்கும் உள்ள தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், சிலர் குறைப்பார்கள். சிவப்பு மட்டை அரிசி குழந்தைகளுக்கு ஒத்துவராவிட்டால் வெள்ளைச் சோறு வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். படகு கிளம்பிய பிறகு கடைக்கு ஓட முடியாது.

எங்கே பிடிப்பது? பஸ் ஸ்டாண்டும் படகுத்துறையும் ஆலப்புழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இறங்கியதுமே நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். அவர்கள் கமிஷனுக்கு வேலை செய்பவர்கள், அந்தக் கமிஷன் உங்கள் விலைக்குள்தான் இருக்கும். ஆன்லைனில் பிடித்தாலும் கமிஷன் உண்டு, பெயர்தான் வேறு. ஆன்லைனில் படகின் பெயரைப் பார்த்து, அதன் நம்பரைத் தேடி, உரிமையாளரையோ மேனேஜரையோ நேராகக் கூப்பிடுவது என் வழக்கம். வாரநாளில், கூட்டமில்லாத மாதத்தில், இரண்டு பேர் மட்டும் போவதானால் காலை பத்து மணிக்குள், ஹவுஸ்போட்டுகள் நிற்கும் புன்னமடை ஃபினிஷிங் பாயின்ட்டுக்கே போய்ப் படகைக் கண்ணால் பார்த்துப் பேசலாம். காலியாகக் கிடக்கிற படகுக்குப் பத்தரை மணிக்கு விலை இறங்கும். குழந்தைகளும் பெட்டிகளுமாகப் போகிறவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

போனில் பேசி முடித்ததை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். நான் அனுப்புவது இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

“பெரியவர் 4, குழந்தைகள் 2 (வயது 6, 11). பிப்ரவரி, செவ்வாய். இரண்டு பெட்ரூம். ஏசி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? ஏறுவது எங்கே, எத்தனை மணிக்கு? ராத்திரி எங்கே கட்டுவீர்கள்? மதியத்துக்கு என்ன மீன்? இன்று எடுத்த படகின் வீடியோ வேண்டும், பாத்ரூமும் சேர்த்து. ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் எவ்வளவு? புக் செய்த படகு வராவிட்டால் என்ன செய்வீர்கள்?”

கடைசிக் கேள்விக்காகத்தான் மற்றதெல்லாம். போட்டோவில் ஒரு படகைக் காட்டிவிட்டு, அன்று காலை “அது ரிப்பேர், இது அதைவிட நல்ல போட்” என்று இன்னொன்றைக் காட்டுவது அங்கே நடக்கிற விஷயம். படகின் பெயரும் பதிவு எண்ணும் வாட்ஸ்அப்பில் இருந்தால் பேச நமக்குப் பிடி இருக்கும். அட்வான்ஸ் கால் பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள், மீதியை ஏறிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

ஏறியதும் இன்னும் ஒரு வேலை. பதிவுச் சான்று, இத்தனை பேர்தான் ஏறலாம் என்ற எண்ணிக்கை, லைஃப் ஜாக்கெட் இருக்கும் இடம், இந்த மூன்றையும் பாருங்கள். குழந்தை அளவு ஜாக்கெட் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், நிறையப் பேர் குழந்தைகள். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி, அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று பத்துப் பேர் படகில் பதினாலு பேர் ஏறுவதை நான் சம்மதிக்க மாட்டேன், எத்தனை நெருங்கின சொந்தமானாலும்.

மேலே சொன்ன பிப்ரவரிக் குடும்பத்துக்கு மொத்தக் கணக்கு இப்படி வரலாம்: படகு பதினாலாயிரம், குழந்தைகளுக்குச் சேர்த்து ஆயிரம், ஷிகாரா ஒரு மணி நேரம் எண்ணூறு, கார் நிறுத்த இருநூறு, படகு ஆட்களுக்கு அன்பளிப்பு எழுநூறு. கூட்டினால் 16,700. பெட்ரோலும் டோலும் தனி. வாடகை டிரைவர் வந்தால் அவர் ராத்திரி தூங்க இடம் இருக்கிறதா என்று படகுக்காரரிடம் கேளுங்கள், சிலர் ஜெட்டிக்குப் பக்கத்தில் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு கொடுக்க மனசு வரவில்லையா? ராத்திரித் தங்கலை விட்டுவிடுங்கள். பகல் மட்டும், பதினொன்றிலிருந்து ஐந்து வரை, ஒரு ஹவுஸ்போட்டை மதியச் சாப்பாட்டோடு எடுத்தால் ஓடுகிற நேரம் ஏறக்குறைய அதேதான், விலை இரண்டு, மூன்றாயிரம் குறையும். இரண்டே பேர் என்றால் நான் அதைக்கூடச் சொல்ல மாட்டேன்: காயலோர ஹோம்ஸ்டேயில் ஆயிரத்தைந்நூறுக்கு ரூம், மூன்று மணி நேரம் ஷிகாரா, அவ்வளவுதான். மொத்தமும் நாலாயிரத்தைத் தொடாது.

அதையும் விட மலிவு கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு. ஆலப்புழை ஜெட்டியிலிருந்து கோட்டயத்துக்குப் போகும் சாதாரணப் படகில் டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மார்க்கெட் பைகளும் கூடவே வரும். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் குட்டநாட்டு வயல்கள் வரப்புக்கு அந்தப் பக்கம், நாம் போகும் தண்ணீரைவிடத் தாழ்வாக இருப்பது இந்தப் படகின் ஜன்னலிலிருந்தே தெரியும். சுற்றுலாவுக்கென்று அதே துறை ‘வேகா’, ‘ஸீ குட்டநாடு’ என்ற படகுகளையும் விடுகிறது, ஆளுக்குச் சில நூறு ரூபாய். லீவு நாளில் இருக்கை சீக்கிரம் நிரம்பிவிடும், முந்தின நாளே ஜெட்டி கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். தென்காசி, நெல்லைப் பக்கத்துக்காரர்கள் ஆலப்புழை வரை போகாமல் செங்கோட்டை வழியாக ரயிலில் கொல்லம் போய் அஷ்டமுடிக் காயலைப் பார்க்கலாம். அங்கே ஹவுஸ்போட்டுகள் குறைவு, தேர்ந்தெடுக்க அவ்வளவாக இருக்காது. கூட்டமும் குறைவு.