லெகோல கோட்டை கட்டணுமா, முதல்ல வாசலை மட்டும் கட்டுங்க

நான் முதல்ல கட்டுன கோட்டையைப் பார்த்துட்டு எங்க அக்கா பொண்ணு கேட்டா, "மாமா, இது எந்த அபார்ட்மென்ட்?" நாலு பக்கமும் மொழுக்குனு சாம்பல் சுவர், மூலைக்கு ஒரு சதுர டவர், மேல பல்லு பல்லா ஒரு வரிசை, நடுவுல ஒரு கதவு, அவ்வளவுதான். ரெண்டாயிரம் கட்டைக்கு மேல போயிருக்கும், ரெண்டு மாச ஞாயித்துக்கிழமை எல்லாம் போச்சு. கேட்டப்ப கடுப்பாதான் இருந்துச்சு, அப்புறம் நானே தள்ளி நின்னு பார்த்தேன், அவ சொன்னது கரெக்ட். நிஜக் கோட்டை ஒண்ணைக்கூட உத்துப் பாக்காம மனசுல இருந்த பொம்மைக் கோட்டையைக் கட்டி வச்சிருக்கேன்.

அதனால முதல் வேலை, நிஜமா இருக்கிற ஒரு கோட்டையைப் பிடிங்க. என்னோட சாய்ஸ் இங்கிலாந்துல ஈஸ்ட் சசெக்ஸ்ல இருக்கிற போடியம் கோட்டை. 1385ல ரெண்டாம் ரிச்சர்ட் ராஜாகிட்ட பர்மிஷன் வாங்கி சர் எட்வர்ட் டாலிங்ரிக்னு ஒருத்தர் கட்டுனது, மனுஷன் பிரான்ஸ் போய் சண்டை போட்டு காசு பாத்துட்டு வந்தவர், ஊர்ல பிரெஞ்சுக்காரன் கடல் வழியா வந்துடுவான்னு பயம் வேற. சுத்தி அகழி, நாலு மூலைலயும் வட்ட டவர், வடக்குப் பக்கம் ரெண்டு சதுர டவருக்கு நடுவுல மெயின் வாசல். வெளிச்சுவர் பெரும்பாலும் முழுசா நிக்குது, அதனால நெட்ல எந்த கோணத்துலயும் போட்டோ கிடைக்கும், நமக்கு அதுதான் முக்கியம். இடிஞ்சு கிடந்த இந்த இடத்தை வாங்கி ரிப்பேர் பண்ணி 1925ல நேஷனல் ட்ரஸ்டுக்கு (அங்க பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற அமைப்பு) எழுதி வச்சவர் யாருன்னு நினைக்கிறீங்க, நாம ஸ்கூல்ல வங்கப் பிரிவினைன்னு படிச்சோமே, அதே கர்சன் பிரபுதான்.

முழுக் கோட்டையும் வேணாம், வடக்கு வாசல் பக்கம் மட்டும் போதும். இது சோம்பேறித்தனம் இல்ல. டாலிங்ரிக்கே காசை எல்லாம் அந்தப் பக்கம்தான் கொட்டியிருக்கார், இது சண்டைக்குக் கட்டுனதா பந்தாவுக்குக் கட்டுனதான்னு வரலாற்று ஆளுங்க இன்னிக்கு வரைக்கும் அடிச்சுக்கிறாங்க. அவர் பண்ண மாதிரி நாமளும் இருக்கிற கட்டை எல்லாத்தையும் முன் பக்கம் கொட்டுவோம்.

அடுத்து ஸ்கேல், இங்கதான் நிறைய பேரு கண்ணை மூடிக்கிட்டு ஆரம்பிச்சுடுறாங்க. லெகோ பொம்மை ஆள் சுமார் 4 செ.மீ உயரம், அதை 1.7 மீட்டர் ஆளுன்னு வச்சா 42ல ஒரு பங்கு வருது. கட்டை தலைல வட்டமா ஒரு புடைப்பு இருக்கே, அதுதான் ஸ்டட், ஒரு ஸ்டட்டுக்கும் அடுத்த ஸ்டட்டுக்கும் 8 மி.மீ, அதாவது நிஜத்துல சுமார் 34 செ.மீ. ஒரு பிரிக், அதாவது சாதா தடிமன் கட்டை, உயரம் 9.6 மி.மீ, அது நிஜத்துல 40 செ.மீ. மெல்லிசா இருக்கிற பிளேட் 3.2 மி.மீ, மூணு பிளேட் சேர்ந்தா ஒரு பிரிக். இன்னொண்ணு மனப்பாடமே பண்ணிக்கோங்க, அஞ்சு பிளேட் உயரமும் ரெண்டு ஸ்டட் அகலமும் ஒண்ணு, ரெண்டுமே 16 மி.மீ. கட்டையைப் பக்கவாட்டுல திருப்பிப் போடுற எல்லா வித்தையும் இந்த ஒரு கணக்குலதான் ஓடுது, கீழ ஒரு இடத்துல யூஸ் ஆகும்.

இப்ப 12 மீட்டர் உயரச் சுவர்னா 30 பிரிக். 32 ஸ்டட் அகலத்துக்கு அதைக் கட்டுனா 960 ஸ்டட், எல்லாமே 1×2 (ஒரு ஸ்டட் அகலம், ரெண்டு ஸ்டட் நீளம்) போட்டா 480 கட்டை, அதுவும் சுவரோட ஒரு பக்கத் தோலுக்கு மட்டும். விலையைப் பத்தி இங்க பேச வேணாம், வீட்ல படிக்கிறாங்க. லெகோ கட்டை விக்கிற பிரிக்லிங்க் வெப்சைட்ல ஸ்டுடியோன்னு ஒரு சாஃப்ட்வேர் ஃப்ரீயா கிடைக்குது, அதுல முதல்ல கட்டிப் பாத்துட்டு அப்புறமா கட்டை வாங்குங்க. நான் கணக்கு பண்ணாம வாங்கி இப்பவும் ஒரு ஷூ டப்பா நிறைய 2×4 சும்மா கிடக்கு.

கலர் விஷயத்துல ஒரு தகவல். 2004 வாக்குல லெகோ சாம்பல் கலரையே மாத்திட்டாங்க, பழசு கொஞ்சம் மஞ்சளா மங்கலா இருக்கும், புதுசுல லேசா நீலம் அடிக்கும். செகண்ட் ஹேண்ட்ல கிலோ கணக்குல வாங்குனா ரெண்டும் கலந்துதான் வரும், திட்டாதீங்க, அது நமக்கு வரம். நூத்துக்கு எழுபது லைட் சாம்பல், மிச்சத்துல டார்க் சாம்பல், பழைய சாம்பல், கொஞ்சம் டார்க் டேன். ஆனா உப்பு மிளகு தூவுன மாதிரி சுவர் பூரா பரப்பிடாதீங்க, எல்லாரும் பண்ற தப்பு அது. நிஜக் கல்லு ஒரு காரணத்தோடதான் கருக்கும், தண்ணி வடியிற இடத்துக்குக் கீழ, அகழியை ஒட்டின முதல் நாலு வரிசை, ஜன்னல் மூலை. அங்கங்க திட்டுத் திட்டா போடுங்க, அகழிப் பக்கம் நாலு மணல் பச்சை சேருங்க, மத்த இடம் அமைதியா இருக்கட்டும். சாம்பலே போரடிக்குதுன்னா வெள்ளையாவும் கட்டலாம், தப்பே இல்ல, வேல்ஸ்ல இருக்கிற கான்வி கோட்டைல சுண்ணாம்பு அடிச்ச தடம் இன்னும் இருக்கு.

அடித்தளத்துக்கு 48×48 பேஸ்பிளேட், அதாவது மெல்லிசான அடிப்பலகை, ரெண்டு மூணு, அது வளையும், அதனால கீழ ஒரு பிளைவுட் பலகை கண்டிப்பா வேணும். அகழி பள்ளமா தெரியணும்னா சுத்தி இருக்கிற கரையை மூணு நாலு பிரிக் உயர்த்தணும், அதுக்குள்ள நல்ல கட்டையைப் புதைக்காதீங்க, சின்னப் பசங்களோட டூப்லோ கட்டை இருக்கே, அதுமேல சாதா லெகோ 2×4 கச்சிதமா உக்காரும், வீட்ல கிடக்கிற டூப்லோவை உள்ள போட்டு மேல பச்சை பிளேட்டால மூடிடுங்க. தண்ணிக்கு நீல பிளேட் வேணாம், நீச்சல் குளம் மாதிரி ஆயிடும். அடியில டார்க் பச்சையும் பிரவுனும் கலந்து போட்டு மேல கண்ணாடி கலர் டைல் (ஸ்டட் இல்லாம மொழுக்குனு இருக்கிற பிளேட்) ஒட்டுங்க. போடியம் கோட்டைல இருந்த கக்கூஸ் எல்லாம் நேரா அகழிலதான் விழுந்துச்சு, அது தெரிஞ்சா நீலம் போட மனசே வராது.

சுவரு. நிஜக் கோட்டைச் சுவர் முழுக் கல்லு இல்ல, வெளிய ஒரு தோல், உள்ள ஒரு தோல், நடுவுல உடைகல்லும் சுண்ணாம்பும் போட்டு ரொப்பியிருப்பாங்க. நாமளும் அதையேதான் பண்றோம், ரொப்புறது மட்டும் கிடையாது. வெளித்தோல் ஒரு ஸ்டட், உள்தோல் ஒரு ஸ்டட், நடுவுல நாலு ஸ்டட் காலி, அஞ்சு வரிசைக்கு ஒருக்கா குறுக்க 1×6 போட்டு ரெண்டையும் கட்டிப்போடுங்க. மொத்தம் ஆறு ஸ்டட், நிஜத்துல ரெண்டு மீட்டர், சரியா வருது. வெளித்தோலுக்கு செங்கல் வரி போட்ட 1×2 கட்டை ஒண்ணு இருக்கு, நம்பர் 98283, பாத்த உடனே எல்லாத்தையும் அதுலயே கட்டத் தோணும். கட்டுனா தியேட்டர் செட் மாதிரி இருக்கும். மூணுக்கு ஒண்ணு போதும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு, சுவர்ல இருக்கிற சின்னச் சின்ன ஓட்டை. கட்டும்போது சாரம் கட்டுறதுக்கு மரக்கட்டையைச் சொருகுன குழி அது, வேலை முடிஞ்சு சாரத்தை எடுத்தாலும் குழி அப்படியே நிக்கும். போடியத்துல அதைத் தேடாதீங்க, கான்வி, அதே வேல்ஸ்ல இருக்கிற ஹார்லெக், இந்தக் கோட்டை டவர்ங்க போட்டோவை ஜூம் பண்ணிப் பாருங்க, ஓட்டைங்க டவரைச் சுத்திச் சாய்வா ஏறிட்டே போகும், சாரத்தையே சரிவுப் பாதையா சுத்திக் கட்டியிருக்காங்க. நான் அதைத் திருடி என் போடியம் டவர்ல வச்சுட்டேன். வரலாறு தெரிஞ்சவங்க மன்னிக்கட்டும், பாக்க அவ்வளவு அழகு.

இப்ப அம்பு விடுற துவாரம். ஒரு ஸ்டட் இடைவெளி விட்டா போதும்னு எல்லாரும் விட்டுடுறாங்க, ஆனா மேல போட்ட கணக்கைப் பாருங்க, அது 34 செ.மீ, எதிரி அம்பென்ன ஆளே தலையை விட்டு எட்டிப் பாத்துடுவான். நிஜத்துல வெளிப்பக்கம் ரெண்டு மூணு விரல் அகலம்தான். இதுக்கு வழி, ஒரு ஸ்டட் இடைவெளியோட ரெண்டு பக்கமும் பக்கத்துல ஸ்டட் இருக்கிற 1×1 கட்டையை, நம்பர் 87087, ஸ்டட் இடைவெளியைப் பாக்குற மாதிரி எதிரும் புதிருமா வைங்க, ஒவ்வொண்ணுக்கும் கீழ ரெண்டு 1×1 பிளேட் இருக்கணும். அந்த ரெண்டு ஸ்டட்லயும் 1×2 டைலை நெட்டுக்குத்தா மாட்டுங்க. டைல் நீளம் 16 மி.மீ, ஒரு பிரிக்கும் ரெண்டு பிளேட்டும் சேர்ந்தா அஞ்சு பிளேட், அதுவும் 16 மி.மீ, மேலயும் கீழயும் நூல் பிசகாம உக்காரும். டைல் கனம் 3.2, ரெண்டு பக்கமும் சேர்த்து 6.4 போச்சு, எட்டுல மிச்சம் 1.6 மி.மீ. நிஜத்துல 7 செ.மீக்கு கொஞ்சம் கம்மி. முதல் தடவை இதை மாட்டிட்டு லைட்டை பின்னாடி வச்சு பாத்தேன், ஒரு கோடு மாதிரி வெளிச்சம் வந்துச்சு, அன்னிக்கு நைட் சாப்பிடக்கூட மறந்துட்டேன். உள்தோல்ல மட்டும் அதே இடத்துல மூணு ஸ்டட் அகலமா விடுங்க, வில்லு பிடிக்கிறவன் உடம்பைத் திருப்பணும்ல.

வட்ட டவருக்கு பயப்படாதீங்க. 1×3 பிரிக், 1×1 ரவுண்டு பிரிக், இதையே மாத்தி மாத்தி வச்சு ஒரு வரிசை. அடுத்த வரிசைல ரெண்டு ஸ்டட் தள்ளி ஆரம்பிங்க, அதாவது கீழ இருக்கிற 1×3 நடுவுல மேல ரவுண்டு உக்காரும், மேல இருக்கிற 1×3 கீழ ரெண்டு 1×3யோட முனையைப் பிடிக்கும். ஏழெட்டு வரிசை ஏத்துனப்புறம் மெதுவா வளைச்சா தானா வளையும், ரவுண்டு கட்டை இடம் விடுறதால எதுவும் முட்டாது. 9 மீட்டர் விட்டம்னு எடுத்தா சுத்தளவு 84 ஸ்டட், வரிசைக்கு 21 + 21 கட்டை. இந்தச் சுவர் பேஸ்பிளேட் ஸ்டட்ல நேரா உக்காராது, மல்லுக்கட்டாதீங்க, டைல் பரப்பி அதுமேல சும்மா நிக்க வைங்க, உள்ள ஒரு சதுரத் தூண் ஏத்தி மேல் தளத்தை அதுல நிறுத்துங்க, சுவர் தானா நிக்கும். வட்டமே வேணாம்னு இருந்தா கார்னார்வன் கோட்டையைப் பாருங்க, அங்க டவர் எல்லாம் பல பட்டை, ஹிஞ்ச் பிளேட் (கீல் மாதிரி மடங்குற பிளேட்) போட்டு கட்டிடலாம்.

வாசல்ல அவசரப்படாதீங்க. போடியத்துல உள்ள நுழையுற பாதைல வரிசையா மூணு இரும்பு பூண் போட்ட மரக் கிராதி, மேல இருந்து இறங்குற டைப், அதுல ஒண்ணு ஒரிஜினலா இன்னும் இருக்கு. வரி வெட்டுன 1×2 பிரிக் 4216, அதை ரெண்டு பக்கமும் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்குனா கிராதி அந்தப் பள்ளத்துல ஏறி இறங்கும், ஒரு நூலைக் கட்டி மேல் மாடில ஒரு உருளைல சுத்திடுங்க. மூணும் வேலை செய்யணும்னு இல்ல, முன்னாடி ஒண்ணு போதும். பாதையோட கூரைல ஓட்டை விடுங்க, உள்ள மாட்டுனவன் தலைல கல்லைப் போடுறதுக்கு. கொதிக்கிற எண்ணெய் ஊத்துனாங்கன்னு சொல்லுவாங்க, எண்ணெய் விக்கிற விலைக்கு எவன் ஊத்துவான், கல்லும் வெந்நீரும்தான் நிறைய.

வாசல் டவர் மேல கைப்பிடிச்சுவர் ஒரு ஸ்டட் வெளிய தள்ளி நிக்கணும், தலைகீழ் ஸ்லோப் கட்டையை ஒரு ஸ்டட் விட்டு ஒரு ஸ்டட் வரிசையா வச்சு அதுமேல சுவரை ஏத்துங்க, நடுவுல இருக்கிற சந்து வழியா கீழ பாத்தா அகழி தெரியணும், தெரியலன்னா தப்பா கட்டியிருக்கீங்க. பல்லு மூணு ஸ்டட் அகலம், இடைவெளி ரெண்டு ஸ்டட். உயரம்தான் முக்கியம், நடக்கிற தளத்துல இருந்து பல்லு அஞ்சு பிரிக், இடைவெளில ரெண்டு பிரிக்கும் ஒரு பிளேட்டும். பொம்மை ஆளை நிறுத்திப் பாருங்க, பல்லுக்குப் பின்னாடி முழுசா மறையணும், இடைவெளில நெஞ்சு தெரியணும். என் பழைய கோட்டைல ஒரே ஒரு பிரிக் உயரம்தான் வச்சிருந்தேன், காவக்காரன் மொட்டை மாடில துணி காயப்போட வந்தவன் மாதிரி நின்னான்.

உள்பக்கம் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, பின்னாடி திறந்து விட்டுட்டு ஒரு கணப்பு, ஒரு மேஜை, நாலு பீப்பா வைங்க. தூசிக்கு மேக்கப் பிரஷ்.

ஒண்ணு மட்டும் ஆரம்பிக்கும்போதே பண்ணிடுங்க, நடு வாசல் ஒண்ணு, ரெண்டு பக்க சுவர் ரெண்டு, மூலை டவர் ரெண்டுன்னு அஞ்சு துண்டா கட்டி டெக்னிக் பின்ல (ஓட்டை வழியா ரெண்டு கட்டையைச் சேக்குற சின்ன முளை) இணைங்க, ஒவ்வொரு துண்டும் உங்க ரூம் கதவு அகலத்தைவிட கம்மியா இருக்கணும். நான் பெட்ரூம்ல ஒரே பலகைல கட்டிட்டேன், ஹாலுக்கு கொண்டு போகும்போதுதான் டேப் எடுத்தேன், கதவு 75 செ.மீ, பலகை 90. சாய்ச்சுப் பாத்தோம், மேற்கு டவர் அப்படியே கழண்டு கட்டிலுக்கு அடியில போச்சு. இப்பவும் கூட்டும்போது ரவுண்டு கட்டை கிடைக்குது.