பூனை இருக்கிற வீட்டுக்கு எந்த செடி வாங்கலாம்?

கோலாலம்பூர் பக்கத்துல இருக்கிற சுங்கை பூலோ நர்சரிக்குப் போனா எல்லாமே பச்சையா அழகாத்தான் இருக்கும், ஆனா வீட்டுல பூனை இருந்தா மணி பிளாண்ட்டையும் டிஃபன்பேக்கியாவையும் தொடவே வேணாம்ங்க, அதுல இருக்கிற கால்சியம் ஆக்சலேட் ஊசி மாதிரி வாயில குத்தும், எங்க பூனை ஒரு இலையைக் கடிச்சிட்டு எச்சில் ஒழுக ஒழுக முன்னங்காலால மூஞ்சியத் தேச்சுக்கிட்டே இருந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துருச்சு. லில்லி அதைவிட மோசம். சீனப் புத்தாண்டுக்கு யாராவது பூங்கொத்து கொடுத்தா முதல்ல அதைப் பாருங்க, மகரந்தத்தை நக்கினாலோ ஜாடித் தண்ணியக் குடிச்சாலோ கூட பூனைக்கு கிட்னி போயிடலாம், உடனே மிருக டாக்டர்கிட்ட ஓடணும்.

பயமில்லாம வைக்கலாம்னா ஸ்பைடர் பிளாண்ட், கலாத்தியா, பாஸ்டன் ஃபெர்ன், பெப்பரோமியா. கலாத்தியா மேல மட்டும் ஏர்கான் காத்து நேரா படக்கூடாது, இலை ஓரம் அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு காஞ்சிடும், காண்டோ பால்கனி வெயிலும் அதுக்கு ஆகாது. தண்ணி தினமும் ஊத்தாதீங்க, நம்ம ஊர் ஈரக்காத்துல மண்ணு லேசுல காயாது, விரலை ஒரு இன்ச் உள்ள விட்டுப் பாருங்க, மண்ணு ஒட்டலைன்னா ஊத்துங்க. தொட்டிக்கு அடியில தட்டுல நிக்கிற தண்ணிய அன்னைக்கே கொட்டிடுங்க, டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்டை போட அதுவே போதும்.