ஸ்பானியக் குடும்பப் பெயரின் வேரைத் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஃபெர்னாண்டஸ், லோபஸ் போன்ற ஸ்பானியப் பெயர் ஒன்றின் வரலாற்றைத் தேட ஆரம்பிப்பவர்கள் பலர் முதலில் போய் மாட்டிக்கொள்வது குலச்சின்னம் விற்கும் கடைகளில்தான். பெயரைச் சொன்னால் போதும், சிங்கமும் கோட்டையும் போட்ட கேடயத்தை அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். சுவரில் மாட்ட நன்றாக இருக்கும், சரி. ஆனால் அந்தச் சின்னம் ஏதோ ஒரு பரம்பரைக்கு உரியது. அதே பெயர் கொண்ட எல்லோருக்கும் உரியதல்ல. அந்தக் காலத்தில் தான் பிரபு குலத்தவன் என்று காட்ட வேண்டியவர் ஸ்பெயினின் வயதோலித், கிரனாதா நகர உயர் நீதிமன்றங்களில் வழக்காடி நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த வழக்குக் கட்டுகளில் கிடைப்பதுதான் சான்று.

ஒரே பெயர் என்றால் ஒரே குடும்பம் என்று நினைப்பது அடுத்த தவறு. ஃபெர்னாண்டஸ் என்றால் ஃபெர்னாண்டோவின் பிள்ளை, அவ்வளவுதான். ஃபெர்னாண்டோ எந்த ஊரில் இல்லை? அதோடு, இடைக்காலத்தில் இந்தப் பெயர் நம் இனிஷியல் மாதிரி தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. 1099இல் இறந்த வீரர் எல் சித்தின் பெயர் ரோட்ரிகோ தியாஸ். அவர் அப்பாவோ தியேகோ லைனஸ். தியேகோவின் மகன் தியாஸ், லைனின் மகன் லைனஸ். ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலம் வரை போக முடியாது.

பெயர் நிலைத்த பிறகும் அப்பா பெயர்தான் பிள்ளைக்கு வரும் என்ற கட்டாயம் வெகுகாலம் இல்லை. 1599இல் பிறந்த ஓவியர் வெலாஸ்கஸ் பெயர் பெற்றது அம்மாவின் குடும்பப் பெயரால். நம்மூர் முத்துக்குளித்துறை வரை வந்த புனித சவேரியாரின் அப்பா ஹுவான் தே ஹாஸோ, அம்மா மரியா தே அஸ்பில்குவேத்தா. மகனுக்கு நிலைத்த பெயரோ நவார்ராவில் அவர் பிறந்த கோட்டையுடையது.

இன்றைய முறையில் இரண்டு குடும்பப் பெயர்கள். வழக்கமாக அப்பாவுடையது முன்னால், அம்மாவுடையது பின்னால். எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸை வெறும் மார்க்கேஸ் என்று தேடினால் அவருடைய அப்பா வழியே காணாமல் போய்விடும். கல்யாணம் ஆனாலும் பெண்கள் பெயரை மாற்றுவதில்லை என்பது தேடுபவருக்குப் பெரிய வசதி. அரசுப் பிறப்புப் பதிவு ஸ்பெயின் முழுக்க வந்தது 1871இல்தான். அதற்கு முன் என்றால் சர்ச் ஞானஸ்நானப் பதிவேடுதான் கதி. அதில் எழுத்து மாறும்: ஹிமேனெஸ் என்ற ஒரே பெயரை முதல் எழுத்தாக எக்ஸ், ஜே, ஜி என மூன்று விதமாகவும் எழுதியிருப்பார்கள்.

பெயரை வைத்து ரத்தத்தைக் கணிப்பதும் ஆபத்து. 1849இல், ஸ்பெயின் ஆண்டுகொண்டிருந்த பிலிப்பைன்ஸின் கவர்னர் கிளவேரியா ஒரு பெயர்ப் பட்டியலை அனுப்பி, மக்களுக்கு அதிலிருந்து குடும்பப் பெயர் கொடுக்க வைத்தார். அங்கே ஒருவருக்கு ஸ்பானியப் பெயர் இருப்பதால் அவர் முன்னோர் ஸ்பெயின்காரர் ஆகிவிட மாட்டார்.

தமிழில் படிப்பவர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. தூத்துக்குடிப் பக்கத்து ஃபெர்னாண்டோக்களையும் கோவாவின் ஃபெர்னாண்டஸ்களையும் ஸ்பெயினோடு முடிச்சுப் போடுவார்கள். ஆங்கிலத்தில் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: இசட் என்றால் பெரும்பாலும் ஸ்பானியம், எஸ் என்றால் போர்ச்சுகீசியம். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் ஞானஸ்நானம் பெற்றது போர்ச்சுகீசியரிடம். அந்தப் பெயர்களுக்குப் புரட்ட வேண்டியது உள்ளூர்ச் சர்ச் பதிவேடுகளையும் கோவா, லிஸ்பன் ஆவணங்களையும்தான். ஸ்பெயினின் செவில் ஆவணக்காப்பகத்தை அல்ல.