அப்பா அம்மாவை அமெரிக்காவுக்கு அழைத்து வருபவர்களுக்கு: காப்பீட்டு மானியத்தில் கையெழுத்துப் போடும் முன்

கிரீன் கார்டில் பெற்றோரை அழைத்து வரும் எல்லோரும் முதல் மாதமே தேடுவது மெடிக்கல் இன்சூரன்ஸைத்தான். நான் டெக்சாஸில், டாலஸை ஒட்டிய இர்விங்கில் இருக்கிறேன். 2019இல் இந்த ஒரு விஷயத்தில் எங்கள் குடும்பம் 15,200 டாலரை இழந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் வேலை பார்க்கும் கம்பெனியின் குரூப் பாலிசியிலேயே பல இடங்களில் அப்பா அம்மாவையும் சேர்த்துக்கொள்வார்கள். இங்கே அது நடக்காது. கணவன், மனைவி, பிள்ளைகள், அவ்வளவுதான். 65 வயது முடிந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு, மெடிகேர், இருக்கிறதே என்பீர்கள். இங்கே வேலை பார்த்து வரி கட்டாத பெற்றோருக்கு, கிரீன் கார்டோடு 5 ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்த பிறகுதான் அதில் சேரவே வழி. அந்த 5 ஆண்டுக்கு மிஞ்சுவது, 2010இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தால் வந்த காப்பீட்டுச் சந்தை. டெக்சாஸ்காரர்களுக்கு அது ஹெல்த்கேர் டாட் கவ் என்ற அரசுத் தளம். வந்து இறங்கிய 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தவறவிட்டால், அடுத்த வருடத்துக்கான சேர்க்கை தொடங்கும் நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியதுதான். ப்ரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு என்று திட்டங்கள் இருக்கும். அப்பாவின் சர்க்கரை மாத்திரை அந்தத் திட்டத்தின் மருந்துப் பட்டியலில் இருக்கிறதா, பக்கத்து மருத்துவர் அதன் நெட்வொர்க்கில், அதாவது அந்தத் திட்டம் ஏற்கும் மருத்துவர் பட்டியலில், இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

அப்பா மன்னார்குடியில் 40 வருடம் மளிகைக் கடை நடத்தியவர். பென்ஷன் கிடையாது. வங்கியில் போட்டு வைத்த பணத்துக்கு வரும் கொஞ்சம் வட்டிதான் வருமானம். 2019 மார்ச்சில் அவரும் அம்மாவும் வந்தார்கள். தெரிந்தவர் மூலமாக ஒரு தமிழ் ஏஜென்ட் கிடைத்தார், பட்டுக்கோட்டைப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். அம்மா ஃபில்டர் காபி கொடுத்து, அவருடைய தாத்தா எந்தத் தெரு என்பது வரை விசாரித்துவிட்டாள். எங்களுக்கு அவர் அண்ணன் மாதிரி ஆகிவிட்டார். லேப்டாப்பைத் திறந்து இரண்டு பேருக்கும் மாதம் ஏறக்குறைய 2,000 டாலர் பிரீமியம் என்று காட்டினார். இந்தச் சட்டப்படி வயதானவர்களிடம் இளைஞர்களைவிட மூன்று மடங்கு வரை வாங்கலாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்புறம் ஏதோ நான்கைந்து பெட்டிகளை நிரப்பினார். கட்ட வேண்டிய தொகை 100 டாலருக்கும் கீழே இறங்கியது.

"அப்பா அம்மா தனி ஆளுங்கதானேம்மா? வருமானமும் இல்லை. மிச்சத்தைக் கவர்மென்ட் கட்டிடும்."

நானும் சரி என்றேன். கலைஞர் காப்பீட்டுத் திட்ட அட்டை வந்தபோது அப்பா அதை வாங்கிப் பத்திரப்படுத்தினார், அவ்வளவுதான். வருடக் கடைசியில் யாரும் வந்து கணக்குக் கேட்கவில்லை. கேஸ் சிலிண்டர் மானியமும் அப்படித்தான், வங்கியில் விழுந்தால் விழுந்ததுதான். மானியம் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான். இங்கே அது மானியமே இல்லை. வரிச் சலுகையை முன்கூட்டியே கொடுக்கிறார்கள். நீங்கள் சொன்ன உத்தேச வருமானத்தை நம்பி மாதாமாதம் கம்பெனிக்கு நேராக அனுப்புகிறார்கள். அடுத்த வருடம் வரி தாக்கல் செய்யும்போது உண்மை வருமானத்தோடு ஒப்பிட்டு, கூடுதலாகப் போனதைத் திரும்பக் கேட்பார்கள். யாருடைய வருமானம் என்பதில்தான் கண்ணி. ஒரே வரிக் கணக்கில் யார் யார் வருகிறார்களோ அவர்கள்தான் ஒரு குடும்பம். சமையலறை எத்தனை, யார் சம்பாதிக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வராது.

2020 வசந்தத்தில் எங்கள் வரிக் கணக்காளர், அப்பாவையும் அம்மாவையும் என்னைச் சார்ந்தவர்களாகக் காட்டினால் தலைக்கு 500 டாலர் வரி குறையும் என்றார். பெற்றவர்களைச் சார்ந்தவர்கள் என்று எழுதுவதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இத்தனை வருடம் அவர்கள் தோளில் நான் இருந்தேன், இப்போது என் தோளில் அவர்கள். கையெழுத்துப் போட்டேன். அந்த நொடியில், எங்கள் நால்வரோடு அப்பா அம்மாவும் சேர்ந்து, ஆறு பேரும் ஒரே குடும்பம் ஆனோம். அந்த வருடக் கணக்குக்கு ஆறு பேர் குடும்பத்தின் உச்ச வருமானம் 1,34,960 டாலர். வறுமைக்கோட்டின் நான்கு மடங்கு அது. அதைத் தாண்டினால் ஒரு டாலர்கூடக் கிடையாது. எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து அதை 6,000 டாலர் தாண்டியிருந்தது.

பிப்ரவரியிலேயே அப்பா பெயருக்கு, மாதாமாதம் கம்பெனிக்கு எவ்வளவு மானியம் போனது என்று காட்டும் 1095-ஏ என்ற தாள் வந்திருந்தது. இன்சூரன்ஸ் ரசீது என்று நினைத்து, காய்கறிக் கடைக் கூப்பன்களோடு அடுப்படி இழுப்பறையில் போட்டுவிட்டேன். கோடையில் வரித்துறையிலிருந்து கடிதம் வந்தது: போன மானியத்தை உண்மை வருமானத்தோடு ஒப்பிடும் 8962 படிவம் எங்கே? அதை நிரப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 8 மாதம், மாதம் 1,900, ஆக 15,200. இரண்டு பேருக்குமாக 1,000 டாலர் மிச்சப்படுத்தியதற்கு இது.

ஏஜென்டுக்கு போன் செய்தேன். "டேக்ஸ் எங்க வேலை இல்லைம்மா" என்றார். கணக்காளரிடம் கேட்டால், "இன்சூரன்ஸ் எடுத்ததை நீங்கள் சொல்லவே இல்லையே" என்றார். திருத்தித் தாக்கல் செய்து பார்க்கலாம், ஆனால் உத்தரவாதம் தர முடியாது என்றும் சொன்னார். கையில் வரித்துறைக் கடிதத்தை வைத்துக்கொண்டு எழுதியதை மாற்ற எங்களுக்குப் பயம். கட்டிவிட்டோம். உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். இதில் அனுபவம் உள்ள வேறொரு கணக்காளரிடம் முதலில் காட்டுங்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்குக்கு மட்டும் யாரும் திருப்பிக் கட்ட வேண்டாம் என்று அடுத்த வருடம் சட்டமே வந்தது. எங்களுடையது 2019. இன்றும் நினைத்தால் மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பொங்கல் விழாச் சாப்பாட்டில் இரண்டு ஏஜென்டுகள் இதைப் பற்றியே காரசாரமாகப் பேசிக்கொண்டார்கள். நான் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இந்த மானியத்தால் கொழுப்பது கம்பெனிகள்தான் என்றார் ஒருவர். அரசுப் பணம் நேராக அவர்கள் கணக்குக்குப் போகிறது, பிரீமியத்தை ஏற்றினாலும் வாடிக்கையாளருக்கு உறைக்காது என்பது அவர் வாதம். மற்றவர் விடவில்லை. வசூலித்த பிரீமியத்தில் 80 சதவீதத்தை வைத்தியத்துக்கே செலவழிக்க வேண்டும், மிச்சம் 20இல்தான் நம் கமிஷனும் வருகிறது, அதனால் கமிஷனைத்தான் குறைத்தார்கள் என்றார். மானியம் இல்லாவிட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் இங்கே ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்துகொள்ள முடியுமா என்றும் கேட்டார். பக்கத்தில் இருந்த சொந்தத் தொழில்காரர் ஒருவர், வரம்பைக் கொஞ்சம் தாண்டியதால் தான் முழுத் தொகை கட்டுவதாக வருத்தப்பட்டார்.

மூன்று பேர் சொன்னதும் உண்மைதான். ஆனால் தவறு நடந்தால் யார் திருப்பிக் கொடுப்பது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் விஷயத்தில் கம்பெனி வாங்கிய பணம் கம்பெனியிடமே இருக்கிறது, ஏஜென்டின் கமிஷன் அவரிடமே இருக்கிறது. வரித்துறை எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் கடிதம் போட்டது.

இப்போது வருபவர்களுக்கு நிலைமை இன்னும் கடுமை. 2021 முதல் 2025 வரை, வரம்பைத் தாண்டினாலும் பிரீமியம் வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் போகாதபடி ஓர் ஏற்பாடு இருந்தது. அது முடிந்துவிட்டது. 2026க்குப் பழைய வரம்பு திரும்பி வந்திருக்கிறது: நான்கு பேருக்கு 1,28,600 டாலர், ஆறு பேருக்கு 1,72,600. வரம்புக்குள் இருப்பவர்கள் கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதற்கு முன்பு ஓர் உச்சவரம்பு இருந்தது, 2026 முதல் அதுவும் இல்லை. அதைவிட முக்கியமானது, வறுமைக்கோட்டுக்குக் கீழே வருமானம் உள்ள புதிய குடியேறிகளுக்குக் கிடைத்துவந்த மானியம் 2026 முதல் நின்றுவிட்டது. இரண்டு பேருக்கு அந்தக் கோடு 21,150 டாலர். ஊர் வட்டியும் வாடகையும் மட்டும் உள்ள பெற்றோர் தனியாகத் தாக்கல் செய்தால் இந்தப் பக்கம் அடிபடுவார்கள், உங்கள் கணக்கில் வந்தால் உங்கள் சம்பளம் அந்தப் பக்கம் இடிக்கும். 2027 முதல் எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கும் மானியம் கிடையாது.

அதனால் பயணச் சீட்டு எடுக்கும் முன்பே முழு பிரீமியத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பா அம்மா சேர்ந்து தனியாக வரி தாக்கல் செய்வதா, உங்கள் கணக்கில் வருவதா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே முடிவு செய்து, ஏஜென்டிடமும் கணக்காளரிடமும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். ஊர் வருமானத்தை மறைக்காதீர்கள். கிரீன் கார்டு வாங்கியவருக்கு மன்னார்குடிக் கடை வாடகையும் இங்கே வருமானம்தான். விண்ணப்பத்தில் என்ன எழுதினார் என்று ஏஜென்டிடம் பிரதி கேட்டு வாங்குங்கள். ஊர்க்காரர், எப்படிக் கேட்பது என்று நான் கூச்சப்பட்டேன், அந்தக் கூச்சம் வேண்டாம். அவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று மாநிலக் காப்பீட்டுத் துறைத் தளத்தில் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். மாதம் ஒரு முறை தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்தும் பாருங்கள். கேட்காமலேயே திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், திட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்று 2024இல் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் புகார்கள் போயின.

எங்கள் வீட்டில் அடுத்த ஆண்டு முதல் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து தனியாகத் தாக்கல் செய்தார்கள். 1095-ஏ வந்ததும் அப்பாவே அதைப் பிரித்து, தேதி எழுதி, என் மேஜையில் வைப்பார். 2024இல் 5 ஆண்டு முடிந்து, மாதாமாதம் பணம் கட்டும் மெடிகேருக்கு மாறினார்கள். அந்தச் சிவப்பு நீலக் கோடு போட்ட அட்டை வந்த அன்று, ஊரிலிருந்து கொண்டுவந்த ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே அதையும் செருகி வைத்துக்கொண்டார்.