பெருக்கும் முன் சுருக்குங்கள்

விகிதசமக் கணக்கில் குறுக்குப் பெருக்கலைத் தொடங்கும் முன், ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு அளவுகளையும் முதலில் சுருக்கிவிட வேண்டும். 45 ஆத்தங்குடிக் கற்களின் விலை 2,700 ரூபாய் எனக் கொண்டு 60 கற்களின் விலையைக் கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் 2,700ஐ 60ஆல் பெருக்கி, கிடைக்கும் 1,62,000ஐ 45ஆல் வகுக்க முயன்று, அங்கேதான் தவறுகிறார்கள். 45:60 என்பது 3:4 ஆகையால், 2,700ஐ 3ஆல் வகுத்து 4ஆல் பெருக்கினால் 3,600 என்ற விடை மனக்கணக்காகவே வந்துவிடும். விகிதத்தின் இரு உறுப்புகளையும் ஒரே எண்ணால் வகுத்தால் அதன் மதிப்பு மாறாது என்பதே இதற்குக் காரணம்.

7:11 போலச் சுருங்காத விகிதமாயின் ஒரு கல்லின் விலையைக் கண்டுபிடிப்பதே எளிது. கல் பதிக்கும் ஆட்கள் கூடக்கூட நாட்கள் குறையும் எதிர்விகிதக் கணக்கில் இந்த வழியை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அங்கே ஆட்களையும் நாட்களையும் பெருக்கிய தொகையே மாறாதிருக்கும். காரைக்குடிக்குக் கொண்டுசெல்ல 500 ரூபாய் வண்டி வாடகையும் விலையோடு சேர்ந்திருந்தால், அதுவும் விகிதசமம் அன்று. ஒரு கல்லின் விலை 60 ரூபாய் ஆகையால், மொத்தச் செலவை 60x + 500 என்று எழுதி, x-க்குக் கற்களின் எண்ணிக்கையைப் பிரதியிட வேண்டும்.