காமா 2.2-ஆ, 2.4-ஆ?

புரொஜெக்டரிலோ டிவியிலோ படம் பார்க்கும்போது, இருட்டுக் காட்சியில் கறுப்புச் சட்டையின் மடிப்புகூடத் தெரியாமல் மை அப்பியதுபோல் இருக்கிறதா? உடனே பிரைட்னஸைக் கூட்டாதீர்கள். கறுப்பே சாம்பலாக வெளுத்துவிடும். புரொஜெக்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, காட்சிக்கேற்ப வெளிச்சத்தைத் தானாக மாற்றும் டைனமிக் கான்ட்ராஸ்டை அணைத்து, பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் சோதனைப் படம் வைத்துச் சரிசெய்யுங்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நிழல்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பதைத் தீர்மானிக்கும் காமா அதற்குப் பிறகுதான். விளக்கெரியும் கூடத்தில் 2.2, நன்றாக இருட்டாக்கிய அறையில் 2.4 பொருந்தும். எண் கூடினால் நடுத்தர நிழல்கள் கறுக்கும். சில டிவிகளில் -1, 0, +1 என்றுதான் இருக்கும். எந்தப் பக்கம் கறுக்கும் என்பதில்கூட ஒற்றுமை கிடையாது, எரிச்சலான வழக்கம். ஒருமுறை மாற்றி, அந்தச் சட்டையையே மறுபடி பாருங்கள். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அதிக வீச்சு கொண்ட எச்டிஆர் (HDR) படங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது.