டைல்ஸ் தரையில் வழுக்கும் வயதான நாய்க்கு ஒரு யோகா மேட்

பழைய யோகா மேட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஆறடி மேட்டில் இரண்டடியை வெட்டி, உங்கள் வயதான நாய் படுக்கும் இடத்துக்கு முன்னால் போடுங்கள். மிச்ச நாலடியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால், அங்கிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை எட்டடிப் பாதை கிடைக்கும்.

வயதாகும்போது பின்னங்கால் சதை வற்றி, மூட்டும் வலிக்கும். நடை குறைவதால் நகம் தேயாமல் வளர்ந்து, பாதத்துக்கு முன்னால் நகமே தரையில் படுகிறது. அதற்கு டைல்ஸில் பிடிப்பே இல்லை. எழும்போதுதான் பாவம், பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து போகும். அதனால்தான் அந்த இடத்தில் முழு அகலம் வேண்டும் என்கிறேன். மேட்டில் நகம் லேசாகப் பதியும், அடிப்பக்கமும் நகராது. அப்புறம், நகத்தையும் விரலிடுக்கு முடியையும் வெட்டிவிடுங்கள்.

பழைய புடவையைக் கிழித்துக் கால்மிதி பின்னுகிறவர்கள், அடியில் நாலு மூலையிலும் மேட் துண்டுகளைத் தைத்துக்கொள்ளலாம். வெறும் துணி மிதி நாயோடு சேர்ந்து வழுக்கும்.

எதையும் கடித்துத் தின்னும் நாய்க்கு இது வேண்டாம். விழுங்கிய துண்டு குடலை அடைத்துவிடும். தரை துடைத்தால் ஈரம் காயாமல் விரிக்காதீர்கள். மண்தரையிலும் காலை இழுத்தாலோ, பாதம் மடங்கி மேல்பக்கம் தரையில் உரசினாலோ அது வழுக்கல் இல்லை, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.